சில இடங்களில் மழை

ஹமீட் வானிலை வாசிக்க வந்தது ஆள் இல்லாத குறைக்குத்தான். சாய்ந்தமருது பிரதான வீதியில் ஜெமீலுடைய கேபிள் கடைக்கு மேல்மாடியில் ஒரு சின்ன அறை. பச்சைத் துணி தொங்கும் சுவர், ஒரு கமெரா, இரண்டு வெள்ளை விளக்கு. கரையோரத்து ஊர்களுக்கெல்லாம் உள்ளூர்ச் செய்தி அங்கிருந்துதான் போகிறது. ஹமீட் அந்தக் கடைக்குக் கம்பி இழுக்கப் போனவர். கூரைகளில் ஏறி, தென்னைகளில் கம்பியைக் கட்டி, வீட்டுக்கு வீடு இணைப்புக் கொடுத்துத் திரிந்தவர். செய்தி வாசித்த பொடியன் கட்டாருக்குப் போன கிழமை, ஒரு சில நாளைக்கு நீங்கள் வாசியுங்கள், உங்கள் குரல் நல்லது என்று ஜெமீல் அவரைப் பிடித்து உட்கார வைத்தான். சில நாள் பல வருடமாயிற்று. செய்தி வாசிக்கப் பிறகு வேறு ஆட்கள் வந்தார்கள், போனார்கள். செய்தியின் வாலில் வருகிற வானிலை மட்டும் அவரோடு ஒட்டிக்கொண்டது. அதை வாங்கிக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை. வானிலை வாசிக்கிறவருக்கு ஏச்சு மட்டும்தான் மிச்சம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வானிலையை அவர் கணித்தவரில்லை. கொழும்பிலிருந்து திணைக்களத்தின் அறிக்கை வரும். அதை எடுத்து, நாக்குத் தட்டாதபடி இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, கமெராவைப் பார்த்து வாசிப்பார். "ஊவா மற்றும் கிழக்கு மாகாணங்களில் சில இடங்களில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னர் மழையோ இடியுடன் கூடிய மழையோ பெய்யக்கூடும்." வருடத்தில் பாதி நாளை இந்த ஒரு வசனத்தோடு ஓட்டிவிடலாம். அவருக்குப் பின்னால் தெரிகிற படத்தில் கிழக்கு மாகாணம் முழுவதற்கும் ஒரேயொரு மேகம். திருகோணமலையில் தலை வைத்துப் பொத்துவிலில் கால் நீட்டி அது படுத்திருக்கும். கல்முனையோ சாய்ந்தமருதோ படத்தில் பெயராகக்கூட வராது. மேகத்தின் இடுப்புக்குக் கீழே எங்கேயோ அவர்கள் இருந்தார்கள்.

ஊரிலுள்ளவர்களுக்கு வேண்டியது வேறு. கலியாண வீட்டுக்காரருக்குப் பந்தலுக்குத் தகரம் போடுவதா சீலை கட்டுவதா என்று தெரிய வேண்டும். மருதமுனையில் சாயம் தோய்த்த நூலைக் கொடியில் போடுகிறவர்களுக்கு அன்றைய வெயில் தெரிய வேண்டும். கரைவலைக்காரருக்குக் காற்று. சந்தையில் மீன் வாங்கப் போனால், "என்ன ஹமீட் காக்கா, நேத்து மழ எண்டு சொன்ன, குடையத் தூக்கித் தூக்கி என்ட கைதான் நோவுது" என்பார் அண்ணன்முறை வைத்துக் காக்கா என்கிற ஒருவர். மழை என்று சொல்லாத நாளில் மழை கொட்டினால் அதற்கும் அவர்தான் பொறுப்பு. கடைசியில் ஊர் அவருக்குப் பட்டமும் வைத்துவிட்டது. 'சில இடத்து ஹமீட்' என்றால் சின்னப் பிள்ளைக்கும் வீடு காட்டத் தெரியும்.

சவளக்கடையில் கோணாமலை என்றொரு விவசாயி. கம்பி இழுத்த காலத்துச் சிநேகிதம். அறிக்கை வாசித்து முடித்து, ஹமீட் மாடிப்படி இறங்கி வருவதற்குள் அவருடைய அழைப்பு வந்துவிடும். "காக்கா, சில இடம் எண்டு சொன்னீங்களே, அந்தச் சில இடம் எங்க கிடக்கு? எங்கட வட்டையும் அதுக்குள்ள வருமா?" ஒவ்வொரு முறையும் அதே கேள்விதான். வட்டை என்பது அவருடைய வயல் கிடக்கும் வெளி. நெல் வெட்டுகிற காலத்தில் அந்தக் கேள்விக்குள் சிரிப்பு இராது. மற்றக் காலத்தில் அது வெறும் பகிடி.

ஒரு முறை இந்தத் தொல்லை தாங்காமல் ஹமீட் திணைக்களத்துக்கே தொலைபேசி எடுத்தார். எடுத்தவர் ஒரு தமிழ் உத்தியோகத்தர். மரியாதையாகக் கதைத்தார். மேகம் திரளும் என்பது தங்களுக்குத் தெரியும் என்றும், அது எந்த ஊரின் தலைக்கு மேல் வந்து உடையும் என்பதைக் காலையிலேயே சொல்ல முடியாது என்றும், ஒரே பட்டினத்தில் கடற்கரை காய்ந்து கிடக்க வயற்கரை வெள்ளமாகலாம் என்றும் விளங்கப்படுத்தினார். ஊரிலுள்ளவர்கள் ஆம், இல்லை என்று கேட்கிறார்களே என்றார் ஹமீட். எங்களிடமும் அப்படித்தான் கேட்கிறார்கள் என்றார் அந்த மனிதர். அந்தக் குரலும் களைத்துத்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஹமீட் யாரிடமும் விளக்கம் கேட்கப் போகவில்லை. 'சில இடங்களில்' என்ற சொல்லையும் 'கூடும்' என்ற சொல்லையும் விழுங்காமல் வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். தன்னால் செய்யக்கூடிய நேர்மை அவ்வளவுதான் என்று நினைத்திருந்தார்.

வீட்டில் அவருடைய மனைவி சித்தி லைலா இருந்தாள். அவருடைய வானிலையைத் தவறாமல் பார்த்த ஆள் அவள் ஒருத்திதான். பார்த்துவிட்டு அதற்கு நேர்மாறாக நடப்பது அவளுடைய வழக்கம். "நீங்க மழ எண்டு சொல்லுங்க, நான் உடுப்பக் காயப் போடுறன்" என்பாள். கொடியில் உடுப்பு நிறைந்திருக்கிற நாளெல்லாம் அவர் முந்தின மாலை மழை சொன்ன நாள் என்று அயல்வீட்டுப் பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள். பத்துக்கு ஏழு தரம் அவளுடைய உடுப்புக் காய்ந்தது. நனைந்த மூன்று தரமும் அவள் திரும்ப அலசிப் போட்டுவிட்டு ஒன்றும் நடக்காததுபோல இருந்துகொண்டாள்.

சிறுநீரகம் பழுதாகி, கிழமைக்குக் கிழமை ஆஸ்பத்திரிக்கு அலைந்து, கடைசியில் கட்டிலோடு ஆன பிறகு அவள் கொடிப் பக்கம் போகவில்லை. கட்டிலை முன் அறையில், டீவி தெரிகிற இடத்தில் போட்டார்கள். அவர் மாடியில் வாசிப்பதை அவள் கட்டிலில் கிடந்து பார்ப்பாள். வீட்டுக்கு வந்ததும், இன்றைக்கு உங்கள் சட்டைக் கழுத்து மடங்கியிருந்தது என்பாள். வானிலையைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டாள்.

அவளுடைய அக்கா ஸம்ஸியா ராத்தா போன வருடம் மாரியில் மௌத்தானாள். அடைமழை நாள். கடற்கரைப் பக்கத்தில், அடக்கம் செய்கிற மையவாடியில், மழை நாளில் ஒரு முழம் தோண்டினாலே மணல் ஈரமாகிவிடும். அன்று கபுறுக் குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. வாளியால் அள்ளி அள்ளி ஊற்றினார்கள். அள்ள அள்ள வந்தது. கடைசியில் பலகையைப் போட்டு, அதன் மேல் மணலைப் போட்டு, அந்த ஈரத்துக்குள்தான் ஸம்ஸியாவை வைத்தார்கள். பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. ஆண்கள் வந்து சொல்வதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. ஹமீட் சொல்லாமல் விட்டிருக்கலாம். சித்தி லைலா கேட்டுக் கேட்டு நின்றதால் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டார். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு சொன்னாள்.

"என்னத் தண்ணிக்குள்ள வெச்சிராதீங்க."

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. மறக்கவுமில்லை என்று அவருக்குத் தெரியும். மழை பெய்கிற பகல்களில் அவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக் கிடந்தாள்.

அவள் போனது மாரி தொடங்கிய கிழமை, விடியப்புறத்துச் சுபஹு நேரத்தில். முந்தின மாலை அவர் வாசித்ததை அவள் பார்த்திருந்தாள். கிழக்கில் சில இடங்களில், பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னர், பலத்த மழை. வீட்டுக்கு வந்து அருகில் உட்கார்ந்தபோது, "நாளைக்கு மழையாமே, உடுப்ப ஊறப் போடச் சொல்லுங்க" என்றாள். அந்த வீட்டில் உடுப்புக் கழுவ அன்று வேறு ஆள் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அதுதான் அவள் அவரோடு கதைத்த கடைசிப் பகிடி.

ஒரே மகள் றினோஸா கொழும்பில். கலியாணம் முடித்துப் போய், அங்கேயே ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறாள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்து போனவள். அதற்குப் பிறகு பிள்ளைகளின் பரீட்சை, லீவு இல்லாமை என்று தள்ளிப் போயிற்று. விடியக் காலையில் அவர் அழைத்தபோது மறுமுனையில் அழுகை கேட்கவில்லை. புருஷனிடம் வேனை எடுக்கச் சொல்கிற குரல்தான் கேட்டது. பிறகு அவள் அவரிடம் சொன்னாள்.

"வாப்பா, உம்மாவ வெச்சிரிங்க. நான் வந்து முகத்தப் பாக்கணும்."

"வா மகள்" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். வைத்திருக்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பாள்.

மையித்தைக் குளிப்பாட்டி, கபன் இட்டு, முன் அறையில் வைத்தார்கள். அயல் பெண்கள் வந்து ஓதத் தொடங்கினார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அறிவித்தாயிற்று. நல்லடக்கம் எப்போது என்பதை மட்டும் சொல்லவில்லை. காரணம், அதுதான் இன்னும் முடிவாகவில்லை. ஜனாஸாவைச் சுணக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. நண்பகல் தொழுகை லுஹருக்கு எடுத்தால் மகள் வந்து சேரமாட்டாள். பின்னேரத்து அஸருக்கு எடுத்தால் வந்துவிடலாம். இடையில் கிடந்தது ஒரு பிற்பகல் மட்டும்தான்.

பள்ளிவாசல் காரியங்களைப் பார்க்கிற மரைக்கார் அபுல் ஹஸன் முற்றத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தார். மையவாடியில் குழி வெட்டுகிறவர்கள், எப்போது வெட்டுவதென்று அவரிடம் கேட்டு அனுப்பியிருந்தார்கள். வானம் நீலமாகத்தான் இருந்தது. மேற்கே மட்டும், வயல்களுக்கு அப்பால், ஒரு கறுப்புக் கோடு.

"ஹமீட், இப்ப வெட்டினா லுஹருக்குக் காய்ஞ்ச குழியா இரிக்கும்" என்றார் மரைக்கார். "அஸர் எண்டா பொறகு வெட்டலாம். ஆனா நடுவுல மழ வந்திச்செண்டா போன வருஷக் கததான். நீங்களும் நிண்டு பாத்த ஆள்தானே."

சித்தி லைலாவின் தம்பி ஸஹீத் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "புள்ள மஹியங்கனையத் தாண்டிட்டாளாம் மச்சான். ஒரு பெத்த புள்ள. உம்மாட முகத்தப் பாக்காம..." என்று தொடங்கியவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

முற்றத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஹமீடைப் பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் கேலி இல்லை. சந்தையில் குடையைக் காட்டிச் சிரிக்கிற மனிதரும் அங்கே இருந்தார். அவரும் பதிலுக்குக் காத்திருந்தார்.

"நீங்கதானே மழைக்கு ஆள்" என்றார் மரைக்கார், மெதுவாக. "சொல்லுங்க. வருமா, வராதா?"

இத்தனை வருடம் வாசித்த வசனம் அவருடைய நாக்கில் அப்படியே இருந்தது. சில இடங்களில் பெய்யக்கூடும். அதை இங்கே சொன்னால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு யாரும் குழி வெட்ட முடியாது. உள்ளே ஓதுகிற சத்தம் கேட்டது. ஸம்ஸியாவின் கபுறில் வாளி மணலை உரசிய சத்தமும் கேட்டது. மகளின் குரல் இன்னும் காதுக்குள் இருந்தது. ஒன்றைக் காப்பாற்ற வேண்டுமென்றால் மற்றதை விட வேண்டும். மகளுக்குப் பிறகு சொல்லி விளங்கப்படுத்தலாம், சித்தி லைலாவைத் தண்ணீருக்குள் வைத்துவிட்டு அவளுக்கு யார் விளங்கப்படுத்துவது என்று நினைத்தார்.

"வரும்" என்றார்.

மரைக்கார் எழுந்து கைத்தொலைபேசியை எடுத்தார். சற்று நேரத்தில் ஒலிபெருக்கி அறிவித்தது. லுஹருக்குப் பிறகு நல்லடக்கம்.

ஸஹீத் மருமகளை அழைத்து அழைத்துப் பார்த்தார். மஹியங்கனைக்கும் மகாஓயாவுக்கும் இடையில் காடு. தொடர்பு கிடைக்கவில்லை.

அன்றைக்கு ஊர் அவருடைய வானிலையை முழுதாக நம்பியது. ஜனாஸாத் தொழுகைக்கு வந்தவர்கள் எல்லோர் கையிலும் குடை இருந்தது. சந்தூக்கைத் தோளில் சுமந்து கடற்கரை வீதியால் போனபோது, பின்னால் வந்த ஆண்கள் குடைகளைக் கைத்தடிபோல ஊன்றி நடந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. கடல் தகடுபோலக் கிடந்தது. மையவாடியில் குடைகளை மதிலில் சாத்தி வைத்துவிட்டுத்தான் மண் போட வந்தார்கள். ஹமீட் குழிக்குள் இறங்கியபோது பாதங்களுக்கு அடியில் மணல் சில்லென்று இருந்தது. ஈரம் இல்லை. ஒரு பிடி அள்ளிப் பார்த்தார், விரல்களுக்கிடையால் கொட்டுப்பட்டது. அப்போது அவருக்கு ஒரு ஆறுதல் வந்தது. அது வீடு வந்து சேரும் வரை நிலைத்தது.

வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து அவர் மழையை எதிர்பார்த்தார். வாழ்நாளில் எந்த மழையையும் அப்படி எதிர்பார்த்ததில்லை. மேற்கில் கறுப்புக் கோடு தடித்து, மலைபோல எழுந்து, வயல்களின் மேல் வந்து நின்றது. மின்னியது. காற்றில் ஈர மண்ணின் மணம்கூட வந்தது. அங்கேயே நின்றது. கிழக்கே கடலின் மேல் வெயில் எரிந்துகொண்டிருந்தது. வந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக அண்ணாந்து பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்க்காமலே சலாம் சொல்லிவிட்டுப் போனார்கள். குடைகளைப் பக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்கள்.

ஸஹீதுக்கு ஒருவழியாகத் தொடர்பு கிடைத்தது. வேன் அம்பாறைக்குக் கிட்ட வந்திருந்தது. வேலி ஓரமாகப் போய் நின்று, விஷயத்தைத் தணிந்த குரலில் சொன்னார். மறுமுனையில் ஒரு கேள்விதான் வந்திருக்க வேண்டும். ஸஹீத் வானத்தைப் பார்த்தார். முற்றத்து மணலைப் பார்த்தார்.

"இஞ்ச இன்னும் இல்ல மகள்" என்றார்.

அஸர் பாங்கு சொன்னது. அஸர் தொழுதும் முடிந்தது. ஒரு துளி விழவில்லை.

அதற்குச் சற்றுப் பிறகு கோணாமலை வந்தார். படலையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவரைக் கண்டு முற்றத்தில் இருந்தவர்கள் விலகி இடம் கொடுத்தார்கள். ஆள் தலை முதல் கால் வரை நனைந்திருந்தார். சாரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக் காய்ந்த மணலில் கறுப்புப் புள்ளிகளாக விழுந்தது. சவளக்கடைப் பக்கம் வானம் பிளந்துகொண்டு கொட்டுகிறதாம். வரும் வழியில், கிட்டங்கித் தாம்போதியில், வீதிக்கு மேலே பாதம் நனையும் அளவுக்குத் தண்ணீர் ஏறிவிட்டதாம். இதையெல்லாம் அவர் ஸஹீதிடம்தான் சொன்னார். ஹமீடின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தினார். அவர் வாயில் எப்போதும் நிற்கிற அந்தக் கேள்வி அன்று வரவில்லை. அதற்கான பதிலை உடம்பெல்லாம் உடுத்திக்கொண்டு வந்திருந்தார், அவ்வளவுதான்.

அறிக்கை பிழையில்லை என்று ஹமீட் அப்போது நினைத்தார். ஒரு சொல்கூடப் பிழையில்லை.

வேன் வந்து நின்றது. முன் கண்ணாடியில் துடைப்பான் வளைத்த தடம் தெரிந்தது. சக்கரமெல்லாம் சேறு. றினோஸா இறங்கி, நேரே முன் அறைக்குப் போனாள். கட்டில் வெறுமையாகக் கிடந்தது. அதையும் அதற்கு எதிரில் அணைந்து கிடந்த டீவியையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பெண்கள் அவளைக் கட்டிப்பிடிக்க வந்தார்கள். அவள் விலக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். நேற்றுக் கட்டிய தலைமுடியோடு, பிள்ளையின் பிஸ்கட் தூள் அபாயாவில் ஒட்டியபடி, வாப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

"வழியெல்லாம் மழதான் வாப்பா" என்றாள். "இஞ்ச எங்க?"

அவர் எழுந்தார். தான் இருந்த கதிரையை அவள் பக்கம் தள்ளினார். கோணாமலை ஈரத் துவாயைப் பிழியத் தொடங்கினார். றினோஸா பதிலுக்கு நிற்கவில்லை. உள்ளே போய் உம்மாவின் கட்டிலில் படுத்துக்கொண்டாள்.

அன்று அந்தித் தொழுகை மஃரிபுக்குப் பிறகு ஒரு தூறல் போட்டது. முற்றத்து மணல் முழுதாக நனைவதற்குள் ஓய்ந்தும்விட்டது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நீளமானவை. அயல் வீடுகளிலிருந்து சோறு வந்தது. மூன்றாம் கத்தம் ஓதினார்கள். றினோஸா வாப்பாவுக்குத் தேத்தண்ணீர் வைத்துக் கொடுத்தாள், மருந்துக் குளிசையை நேரத்துக்கு எடுத்துக் கொடுத்தாள். தேவையான சொற்களைத் தவிர வேறு கதைக்கவில்லை. அவளுடைய புருஷன் வேலைக்கென்று கொழும்புக்குத் திரும்பினான். அவள் பிள்ளைகளோடு நின்றாள். ஹமீட் மாடிக்குப் போகவில்லை. அவருடைய இடத்தில் வேறொரு பொடியன் வாசித்தான். அவன் 'சில இடங்களில்' என்பதைச் சுருக்கி, கிழக்கில் மழை என்றான். அடுத்த நாள் ஊரில் அவனை ஏசினார்கள்.

ஒரு பின்னேரம் றினோஸா வந்து அவருக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள். அன்று டீவியில் என்ன வாசித்தீர்கள் என்று கேட்டாள். அவர் மனப்பாடமாகச் சொன்னார். படிப்பிக்கிறவள், சொல்லுக்குச் சொல் கேட்டாள்.

"மரைக்காருக்கு என்ன சொன்ன?"

"வரும் எண்டு."

"கூடும் எண்டு சொல்லல்லையா?"

"இல்ல மகள்."

அவள் தலையை ஆட்டினாள். பிள்ளைகள் உள்ளே எதற்கோ சண்டை பிடிக்கும் சத்தம் கேட்டது. ஹமீட் அப்போதுதான் ஸம்ஸியாவின் கபுறைப் பற்றிச் சொன்னார். வாளியைச் சொன்னார். அதைக் கேட்டபிறகு சித்தி லைலா சொன்ன ஒரு வசனத்தையும் சொன்னார். தன் பக்கத்து நியாயத்துக்காகச் சொல்லவில்லை. இனி அதைத் தனியே வைத்துக்கொண்டிருக்கப் பலம் இல்லை, அதுதான் காரணம்.

"உம்மா எனக்கிட்ட அதச் சொல்லவே இல்ல" என்றாள் றினோஸா.

"எனக்கிட்டயும் ஒரு தரம்தான் சொன்ன."

அவள் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அஸருக்கு வைத்திருந்தாலும் குழி காய்ந்துதான் இருந்திருக்கும். அது இருவருக்கும் தெரியும். அதை அவள் சொல்லவில்லை.

"குழி காய்ஞ்சிருந்திச்சா வாப்பா?"

"ஓம் மகள். கையில அள்ளிப் பாத்தன். காய்ஞ்ச மணல்."

அவள் அப்போதுதான் அழுதாள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அழாதவள், துவாயை வாயில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குக் கேட்காமல் அழுதாள். அவர் பக்கத்தில் இருந்தார். தோளில் கை வைக்கலாமா என்று தெரியவில்லை. வைக்கவில்லை.

மறுநாள் மாலை ஜெமீல் வந்து கூப்பிட்டான். ஹமீட் போனார். சட்டைக் கழுத்து மடங்கியிருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். விளக்குகள் எரிந்தன. கிழக்கு மாகாணத்தில் சில இடங்களில், பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னர், மழை பெய்யக்கூடும். வாசித்து முடித்து எழுந்தபோது, எப்போதும் வருகிற அழைப்பு வரவில்லை. கோணாமலைக்கு எடுக்க மனம் வந்திராது. ஹமீட் தானே எடுத்தார். இருவரும் நெல்லைப் பற்றிக் கொஞ்சம் கதைத்துவிட்டு வைத்தார்கள்.

றினோஸா கொழும்புக்குப் புறப்பட வேண்டிய நாளுக்கு முந்தின காலை, உம்மாவின் உடுப்புகளையெல்லாம் பெட்டியிலிருந்து எடுத்தாள். இல்லாதவர்களுக்குக் கொடுப்பதென்று பேச்சு. பெட்டிக்குள் கிடந்த மணத்தோடு கொடுக்க வேண்டாம், அலசிக் கொடுப்போம் என்று சொல்லிக் கிணற்றடியில் ஊறப் போட்டிருந்தாள். அலசி முடித்து, வாளியைத் தூக்கிக்கொண்டு கொடியடிக்கு வந்தவள், படியில் இருந்த வாப்பாவைப் பார்த்து நின்றாள்.

"இண்டைக்கி மழையா வாப்பா?"

மேற்கே வயல்களுக்கு மேல் மெல்லிய கறுப்பு. மற்றப் பக்கமெல்லாம் வெயில். அவர் நெடுநேரம் பார்த்தார்.

"எனக்குத் தெரியா மகள்" என்றார். "சில இடத்தில வரலாம்."

றினோஸா வாளியைக் கீழே வைத்தாள்.

"அப்பக் காயப் போடுறன்" என்றாள்.

அதைச் சொன்ன விதத்தில் யாருடைய குரல் இருந்தது என்று இருவருக்கும் கேட்டது. அவள் ஒரு சேலையை எடுத்து, ஒரு நுனியைத் தான் பிடித்துக்கொண்டு, மற்ற நுனியை அவரிடம் நீட்டினாள். அவர் படியிலிருந்து எழுந்து வந்து வாங்கினார். இருவரும் எதிரெதிரே நின்று முறுக்கினார்கள். பிழிய வடிந்த தண்ணீரை முற்றத்து மணல் உடனுக்குடன் உறிஞ்சிக்கொண்டது.